ஒளிந்திருப்பதை ஒளிந்திருக்க விடுங்கள்

கடலடி வீடியோ விளையாட்டை உருவாக்கிவரும் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் வந்த அப்டேட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்ன மாறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உருமறைப்பு உயிரினங்கள் அத்தனையையும் சுற்றி இப்போது ஒரு வெள்ளைக் கோடு. முப்பது மீட்டர் தள்ளி இருந்தாலும் கோடு, பாறைக்குப் பின்னால் இருந்தாலும் கோடு. தலைக்கு மேல் அம்புக்குறி வேறு. ஆடுபவர்கள் கண்டுபிடிக்கச் சிரமப்படுகிறார்கள் என்று காரணம் சொல்லியிருந்தீர்கள். சிரமப்பட்டோம், உண்மைதான். அந்தச் சிரமத்துக்காகத்தான் மூன்று வருடமாக உங்கள் கடலில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பவளத்திட்டில் குட்டிக் கடற்குதிரை இருக்கிறது என்று தெரிந்து நானும் என் மகளும் இரண்டு சாயங்காலம் தேடினோம். விசிறிப் பவளத்தின் கிளையெங்கும் இளஞ்சிவப்பு மொட்டுகள். கடற்குதிரையின் உடம்பிலும் அதே மொட்டுகள், அதே நிறம். எனக்குக் கண் எரிந்ததுதான் மிச்சம். அவள்தான் திடீரென்று என் கையைப் பிடித்து, "அப்பா, அந்த மொட்டு மூச்சு விடுது" என்றாள். திரையில் ஒரு நகக்கண் அளவு இடம் மெல்ல உப்பி அடங்கியது. அதைச் செய்தவர் உங்கள் குழுவில் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு என் நன்றி.

அப்டேட் வந்த வாரம் அவள் தோழியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அந்த மொட்டைத் தேட வைக்க வேண்டும் என்று ஆசை. எதுவும் சொல்லக் கூடாது என்று எனக்கும் கட்டளை. திட்டு கண்ணில் பட்டதுமே கோடு மின்னியது, அம்புக்குறி இறங்கியது. "ஓ, இதுவா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த அம்புக்குறியைப் பார்த்துப் போய்விட்டாள். என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் திட்டுப் பக்கம் போகவே இல்லை.

அந்தக் கடற்குதிரையை உலகம் கண்டுகொண்ட கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1969இல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் அங்குள்ள நூமியா அக்வேரியத்துக்காகச் சேகரித்த விசிறிப் பவளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் அதில் ஒட்டிக்கொண்டிருந்த இந்த உயிர் கண்ணில் பட்டது. கடலில் இருந்தவரை தெரியவில்லை, வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மொத்த நீளமே ஏறக்குறைய 2 செ.மீ. அப்படிப்பட்ட ஒன்றைச் சுற்றிக் கோடு போட்டால் அது என்ன உருமறைப்பு?

தயவுசெய்து அந்தக் கோட்டை எடுங்கள்.

கோட்டை எடுத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு உயிரும் ஒளியும்போது ஏதோ ஓர் இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள், போதும். ஓட்டுக் கணவாய் ஒரு நொடிக்குள் நிறம் மாறும். மணலில் ஒரே நிறமாக, சரளையில் புள்ளிபுள்ளியாக, பெரிய கற்களுக்கு நடுவே உடம்பையே துண்டுதுண்டாகக் காட்டும் பட்டைகளாக. இத்தனைக்கும் அதற்கு நிறமே தெரியாது. உங்கள் விளையாட்டில் அது எங்கே போனாலும் அதே பழுப்பு. அடியில் மணலா பாறையா என்பது உங்கள் நிரலுக்குத் தெரியும்தானே? அதைக் கணவாய்க்கும் சொல்லிவிடுங்கள். உடம்பு முழுக்க மறைந்தாலும் அலையலையாக வளைந்த அந்தக் கண்மணியும், ஓரத்துத் துடுப்பின் நடுக்கமும் தெரியட்டும். பொறுமையுள்ளவன் பிடித்துவிடுவான்.

அலங்கார நண்டை நண்டாகவே விட்டிருக்கிறீர்கள். அது தன் ஓட்டில் இருக்கும் கொக்கி முடிகளில் கடற்பஞ்சையும் பாசியையும் மாட்டிக்கொண்டு திரிவது. பாசித் திட்டிலிருந்து மணலுக்கு வந்தால் மணலில் ஒரு பாசிக்கொத்து நடந்து போகும். அதை வைத்தே அரை மணி நேரம் ஆடலாம். கல்மீனை ஊரோடு ஊராக நீந்த விட்டிருக்கிறீர்கள். அது அசையாமல் கிடப்பதில்தான் அதன் ஆபத்தே இருக்கிறது. முதுகில் 13 விஷ முட்கள், மேலே கை வைக்கும்வரை அது வெறும் கல். இலைக் கடல்டிராகனோ இலைகளை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு போகிறது. அந்த இலைகள் நீந்துவதற்கே இல்லை. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னத் துடுப்புகளால்தான் அது நகரும்.

ஆழ்கடலைப் பற்றித்தான் எனக்கு ரொம்ப வருத்தம். அங்கே மறைய பாறையும் இல்லை, பாசியும் இல்லை. நீங்கள் எல்லாவற்றுக்கும் கோயில் திருவிழா சீரியல் பல்பு கட்டிவிட்டீர்கள். ஆழத்தின் சில மீன்கள் தம் மேல் விழும் ஒளியில் 99.5 சதவீதத்துக்கும் மேலாக விழுங்கிவிடுகின்றன. அப்படி 16 இனங்களை 2020இல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. டார்ச் அடித்தாலும் தெரியாத மீன்! நீரில் பனிபோல் இறங்கும் துகள்களை ஏற்கெனவே அழகாகச் செய்திருக்கிறீர்கள். அந்தத் துகள்களுக்கு நடுவே மீன் வடிவத்தில் ஓர் இருட்டு நகர்ந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம். ஆழம் குறைந்த ஹவாய் கரையில் குட்டைவால் கணவாய் அடிவயிற்றில் பாக்டீரியாவை வளர்த்து, நிலா வெளிச்சத்துக்கு ஈடாக ஒளி விட்டுத் தன் நிழலையே அழிக்கிறது. இரவில் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும் அது கிடைக்கட்டும்.

இந்த யோசனைகளை எல்லாம் உங்கள் பரிந்துரைப் படிவத்தில் இரண்டு முறை அனுப்பினேன். "பரிசீலிக்கிறோம்" என்று இரண்டு முறையும் ஒரே வரி வந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கோடு. படித்தீர்களா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் இதுதான் இப்போது. வரைபடம் திரும்பச் சொல்கிறது, பாடப்புத்தகம் விடையைக் கட்டம் கட்டிக் காட்டுகிறது. ஒரு குழந்தை ஒன்றையே இரண்டு சாயங்காலம் உற்றுப் பார்க்க இடம் எங்கே இருக்கிறது? உங்கள் விளையாட்டில் இருந்தது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்பார்வை குறைந்தவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் அந்தக் கோடு உதவும், அதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்காக அது செட்டிங்ஸில் இருக்கட்டும். வேண்டும் என்பவர் போட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களுக்குக் கோடும் அம்பும் இல்லாத கடலைத் திருப்பிக் கொடுங்கள். புது உயிரினங்கள் அடுத்த வருடம் வந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு பொத்தான் மட்டும் அடுத்த அப்டேட்டிலேயே வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பொத்தான் வந்த அன்றைக்கே என் மகளின் தோழியை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பவளத்திட்டில் ஒரு மொட்டு மூச்சு விட்டதைப் பார்த்த வீட்டிலிருந்து ஒருவன்