அம்மாவின் களைப்பைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம். மழைதான் விடுவதாக இல்லை.

போன கிழமை கதைத்தபோது, "கீமோ முடிஞ்சு இவ்வளவு நாளாச்சு, அம்மா ஏன் இன்னும் இப்படியே இருக்காங்க? மனசு விட்டுட்டாங்களா?" என்று கேட்டாய். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் போனில் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை.

மனம் விடவில்லை மகன். கீமோவுக்கு, அதாவது புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்துக்கு, பிறகு வருகிற களைப்பு இது. கொழுந்தெடுத்துவிட்டு வரும்போது இருக்கிற களைப்பு ஒரு தேத்தண்ணி குடித்து, இரவு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்த பின்னும் அப்படியே நிற்கிறது. சில நாட்களில் முகம் கழுவி, தலை வாரியதுமே மறுபடி படுக்க வேண்டியிருக்கிறது. தண்ணி பிடிக்கிற பீலிக்குப் போகிற படியில் நின்று நின்றுதான் ஏறுகிறாள்.

மறதியும் அதோடு சேர்ந்ததுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் வராமல் நின்றுவிடுகிறாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவளுக்குப் பிடிபடுவதில்லை. நீயும் பிள்ளைகளும் சேர்ந்து கதைக்கும்போது அவள் பேசாமல் இருப்பது அதனால்தான், கோபம் ஒன்றும் இல்லை.

கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். இது பலருக்கும் வருவதுதான் என்றார். அப்புறம் உன் தங்கச்சி தேடி வாசித்துக் காட்டினாள். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மார்புப் புற்றுநோய் வந்த பெண்களின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2010இல் எழுதியிருக்கிறார்கள். கீமோ முடிந்து ஒரு மாதத்தில் மூளையின் முன்பக்கத்திலும் வேறு சில இடங்களிலும் சாம்பல்நிறப் பகுதி, அதாவது நரம்பு செல்கள் நிறைந்த பகுதி, குறைந்திருந்ததாம். ஒரு வருடத்தில் சில இடங்களில் அது திரும்ப வந்திருக்கிறது. எனக்கு அதைக் கேட்டதும்தான் கொஞ்சம் நிம்மதி.

எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடவும் முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வில் கீமோ தொடங்கும் முன்பே சில பெண்களின் மூளை வேலை செய்வதில் வித்தியாசம் இருந்திருக்கிறது. களைப்பு கூடியவர்களுக்கே ஞாபகச் சிக்கலும் கூட இருந்திருக்கிறது. அதனால் கீமோ எடுக்காமல் விட்டிருக்கலாமே என்று மட்டும் நினைத்துவிடாதே. நோய் திரும்ப வராமல் இருக்கத்தான் அதை ஏற்றினார்கள்.

லயத்து வீடுகளில் சிலர், "அதான் சுகமாயிருச்சே, இன்னும் என்ன படுக்கை?" என்கிறார்கள். முடி வளர்ந்துவிட்டது, பார்ப்பவர்களுக்கு வேறெதுவும் தெரிவதில்லை. அவள் காதிலும் இது விழுகிறது. அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம்தான் தருவார்களோ என்று பயந்து காய்ச்சலோடு மலைக்குப் போனவள் உன் அம்மா. சும்மா உட்கார்ந்திருப்பதே குற்றம் என்று அவளுக்குப் பழகிப்போயிருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அவள் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இரத்தசோகை இருக்கிறதா, தைரொயிட் சரியா என்று பார்க்க இரத்தம் எடுத்திருக்கிறார்கள். களைப்பாக இருந்தாலும் கொஞ்சம் நடப்பது நல்லது, நாள் முழுக்கப் படுத்திருந்தால் களைப்பு கூடும் என்றார்கள். பனி விலகியதும் மேடு இல்லாத ரோட்டில் கோயில் வரைக்கும் கூட்டிப்போகிறேன். கிளினிக் நாளையும் குளிசை நேரத்தையும் கலண்டரில் எழுதி வைக்கிறாள்.

நீ காலையிலேயே எடு. உனக்கு ஐந்தரை என்றால் இங்கே எட்டு, அப்போதுதான் அவள் தெளிவாக இருப்பாள். "மறந்துட்டீங்களா?" என்று கேட்காதே, இன்னொரு தடவை சொல். முக்கியமான விஷயம் என்றால் வொய்ஸ் போட்டு விடு, வேண்டிய மட்டும் திருப்பிக் கேட்டுக்கொள்வாள்.

தீபாவளிக்கு வரும்போது வீடு நிறைய ஆட்களைக் கூப்பிட வேண்டாம். சமையலை நானும் தங்கச்சியும் பார்த்துக்கொள்வோம். லீவு சரியானதும் திகதியைச் சொல், கிளினிக் நாள் அதில் விழுந்தால் நீயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம். டொக்டரிடம் கேட்க வேண்டியதை நேரிலேயே கேள்.

அன்புடன்,
அப்பா