மாஸ்டர் அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

எங்கள் தெருக்காரர்களுக்கும், பக்கத்துத் தெருக்காரர்களுக்கும், போனிலேயே பாதி வேலையை முடித்துக் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

நேற்று நம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டம் நல்லபடியாக நடந்து முடிந்துவிட்டது. எனக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கிறது, பிள்ளைகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன், நாலு நாள் போனால் வீட்டு வேலையில் விட்டுப்போகும். ஆட்டத்துக்கு இருந்த மைதானம் கைவிட்டுப் போனது, அதற்குச் சொன்ன காரணம், அன்றைக்கு மைதானத்து கேட்டுக்கு வெளியே நின்றபடி நாம் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைத் திரும்ப எழுதி வாயைக் கசப்பாக்கிக்கொள்ள மனமில்லை.

காலி மனையைத் திறந்துவிட்ட பெரியம்மாவுக்கு முதல் நன்றி. சாவியைக் கையில் வைத்து, "முள்ளை மட்டும் வெட்டிக்கங்க தாயி" என்றதோடு சரி, வேறொன்றும் கேட்கவில்லை. அந்த மனையில் ஒரே ஒரு சிக்கல்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பரோட்டா கடை.

சாயங்காலம் கல்லில் கொத்து ஆரம்பித்தால் ராத்திரி வரை ஓயாது. மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது காதில் விழுவதுகூட இல்லை. பார்வையில்லாத பிள்ளைகளை அங்கே பந்தாட இறக்கியபோதுதான் அது எத்தனை பெரிய சத்தம் என்று தெரிந்தது. இவர்கள் ஆடும் பந்துக்குள் சின்னச் சின்ன உலோகக் குண்டுகள் இருக்கும். உருண்டால்தான் கிலுகிலுக்கும், நின்றுவிட்டால் ஊமை. கொஞ்சம் வெளிச்சம் தெரிகிற பிள்ளைக்கும் ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று எல்லாருக்கும் கண்ணைக் கட்டிவிடுவோம். பந்தை எடுக்கப் போகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் ஃபவுல். வெளிநாட்டு ஆட்டங்களில் 'வோய்' என்பார்கள், நம் பிள்ளைகள் "வர்றேன் வர்றேன்" என்று கத்துவார்கள். ஆட்டம் முழுக்கக் காதில்தான் நடக்கிறது.

முதல் சாயங்காலம் பந்து என் மகள் காலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் உருண்டு போனது. அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள், காலை எடுத்து வைக்கவே இல்லை. மற்றவர்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது, தோளில் துண்டோடு பரோட்டா மாஸ்டர். "ஏன்க்கா, பிள்ளைக ஏன் நின்னுருச்சுக?" என்று கேட்டார். சொன்னேன். "சரிக்கா" என்று இறங்கிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. ஆர்டர் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தோம். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது: "கொத்து ஆறரைக்கு மேலதாண்ணே. வீச்சு இருக்கு, சால்னாவ ஊத்தித் தர்றேன், நீங்களே பிச்சுக்கங்க." வந்தவர் ஏதோ முணுமுணுத்தார். இவர் விடவில்லை. "உள்ள மேட்ச் நடக்குதுண்ணே."

கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மிஞ்சிய பரோட்டாவெல்லாம் கொத்தில்தான் காசாகும். அதுவும் சனிக்கிழமை சாயங்காலம். முதலாளி முதலில் கல்லாவிலிருந்து முறைத்துப் பார்த்தாராம். பிறகு அவரே ரேடியோவையும் அணைத்துவிட்டார், அவருக்கும் நன்றி. ஆட்டம் பார்க்கத் தட்டோடு மதிலோரம் வந்து நின்றவர்களிடம் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார்: "பந்து ஓடுறப்ப யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கோல் விழுந்தா எம்புட்டு வேணா கத்துங்க."

இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக்கில் ஈஃபிள் கோபுரத்தடியில் நடந்த பார்வையற்றோர் கால்பந்து ஆட்டங்களை மகள் போனில் கேட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அங்கேயும் இதே சட்டம்தான். பந்து ஓடும்வரை அத்தனை கூட்டமும் மூச்சுக் காட்டாமல் இருந்தது. 2004 ஏதென்ஸ் தொடங்கித் தங்கத்தை யாருக்கும் விடாத பிரேசில் பாரிஸில் கோட்டைவிட்டு பிரான்ஸ் ஜெயித்தது. அதில் பெண்களுக்கு ஆட்டமே கிடையாது என்று மகளுக்கு இன்னும் கோபம். பெண்களுக்கான உலகப் போட்டி 2023-ல் பர்மிங்காமில் முதல்முறையாக நடந்ததே, அர்ஜென்டினா ஜெயித்ததே என்று சமாதானம் சொன்னால், "அம்புட்டு லேட்டாவா?" என்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

நேற்று பெனால்டி கிடைத்தபோது நடந்ததை வராதவர்களுக்காகச் சொல்கிறேன். உதைப்பவருக்கு கோல் எங்கே இருக்கிறது என்று தெரிய, பின்னால் நிற்கிற வழிகாட்டி இரண்டு கம்பத்தையும் தட்டிக் காட்டுவார். எங்கள் தம்பி சாவிக்கொத்தால் தட்டினான், சரியாகக் கேட்கவில்லை. மாஸ்டர் மதிலேறிக் குதித்து, கொத்துகிற டம்ளரோடு வந்து நின்றார். இடது கம்பத்தில் ஒரு டங், வலது கம்பத்தில் ஒரு டங். மகள் ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு உதைத்தாள். கோல்கீப்பருக்குப் பார்வை உண்டு, தெரியும்தானே? அவன் விழுந்த பக்கம் பந்து போகவில்லை. அப்புறம் எழுந்த சத்தத்தில் பெரியம்மா வீட்டு நாய் ஓடியே போய்விட்டது.

மடலில் பெயர் போடட்டுமா என்று மாஸ்டரிடம் கேட்டதற்கு, "பேரெல்லாம் வேணாங்க்கா, கடைக்கு ஆள் வந்தாப் போதும்" என்றார். எல்லாரும் போங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஒரு தடவைகூட "பாவம்" என்று சொல்லவில்லை. பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்குமுன் கிளம்பிப்போனவர்களை நான் நிறையப் பார்த்தாகிவிட்டது. பிஸ்கட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் ஏன் நின்றுவிட்டார்கள் என்று ஆளனுப்பாமல் தானே வந்து கேட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

மற்றவர்களை மொத்தமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்ட்ரிங் பலகைகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குத் தடுப்பு கட்டித் தந்த தம்பிகள் (பந்து வெளியே போகாமல் பலகையில் பட்டுத் திரும்புவதால்தான் ஆட்டம் அறுந்துபோகாமல் ஓடியது). சத்தப் பந்தை இரவல் தந்த சிறப்புப் பள்ளி டீச்சர். காது கேளாத பையனுக்காக விசிலோடு கொடியும் பிடித்த ரெஃப்ரி. சக்கர நாற்காலிப் பையனுக்குப் பெரிய பந்து தேடிப்பிடித்து வந்ததோடு, அவனை ஒரே நேரத்தில் இரண்டு பேர் மறிக்கக் கூடாது என்று விதியும் போட்ட கல்லூரிப் பிள்ளைகள். கை தூக்கி எறிய முடியாத குட்டிப் பெண் பந்தைத் தரையில் உருட்டி விடலாம் என்றதும் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்ட எதிரணி. கடைசியில் நடைக் கால்பந்து ஆடிய தாத்தாக்கள். அதில் ஓடினால் ஃபவுல். இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டில் 2011-ல் வயதானவர்களுக்காக இதை ஆரம்பித்தார்களாம். நம் தாத்தாக்கள் நடப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓடியதை ஊரே பார்த்தது.

இனி சனிக்கிழமை ஆட்டம் நிற்காது. மைதானம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நிற்காது, இதை நான் எழுதியே தருகிறேன். வழிகாட்டியாக நிற்க நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு என் குரல் பிடிக்கவில்லை, "கத்தாம சொல்லும்மா" என்கிறாள்.

தை பிறந்தால் பெரியம்மா அந்த மனையில் வீடு கட்டப் போகிறார். அதற்குள் வேறு இடம் வேண்டும். முறைப்படி 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கொஞ்சம் குறைந்தாலும் சமாளிப்போம். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பக்கத்தில் பட்டறை மட்டும் இருக்க வேண்டாம்.