எந்தக் கோட்டுக்கு எந்த ஊசி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகூர்த்த மாதங்கள் நெருங்கினால், நாளிதழோடு வரும் துண்டறிக்கைகளில் 'வாய்ச் சுருக்கம் ஒரே அமர்வில் மறையும்' என்ற வரியைத் தவறாமல் பார்க்கிறோம். போட்டாக்ஸ், ஃபில்லர், லேசர், தோலின் மேலடுக்கை ரசாயனத்தால் உரிக்கும் பீல் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்டி முன்பணமும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வாயைச் சுற்றி விழும் கோடுகள் எல்லாம் ஒரே காரணத்தால் வருபவை அல்ல. எது எந்தக் கோடு என்று பார்க்காமல் போடும் ஊசி பலனில்லாமல் போவதோடு நிற்காது. பேச்சையும் தோலையும், அரிதாகப் பார்வையையும்கூட அது கெடுக்கும். தோல் மருத்துவத்தில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

வாயைச் சுற்றி வளையமாக ஒரு தசை ஓடுகிறது. சுருக்குப்பையின் நாடாவைப் போன்றது அது. நாடாவை இழுத்தால் பையின் வாயில் கொசுவம் விழுகிற மாதிரி, உதட்டைக் குவிக்கும்போதெல்லாம் மேலுதட்டில் செங்குத்தாகக் கோடுகள் விழும். இளம் வயதில் தசை தளர்ந்ததும் தோல் தானே நீவிக்கொள்ளும். வெயில், புகைப்பழக்கம், மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஹார்மோன் குறைவு ஆகியவற்றால் தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் தேய்ந்தபின் அந்தக் கொசுவம் அப்படியே தங்கிவிடும். ஆண்களின் மேலுதட்டில் மீசை மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அடர்ந்திருப்பதால் தோலுக்குத் தாங்குசக்தி அதிகம். இந்தக் கோடு பெண்களிடம் கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் சிரிப்புக் கோடு வேறு வகை. கன்னத்தின் கொழுப்பும் அதைத் தாங்கும் திசுக்களும் கீழே சரிவதால் ஆழமாகும் மடிப்பு அது. வாயோரத்திலிருந்து தாடைக்கு இறங்கும் கோடு, சரிவோடு சேர்ந்து வாயோரத்தைக் கீழே இழுக்கும் தசையாலும் வருகிறது. பல் போனதால் உதடு உள்ளே விழுந்து வரும் சுருக்கம் இன்னொன்று.

இவற்றைப் பிரித்தறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் கைக்கண்ணாடியுடன் உட்காருங்கள். 'ஊ' என்று உதட்டைக் குவித்துவிட்டுத் தளர்த்துங்கள். குவிக்கும்போது மட்டும் கோடு தெரிந்தால் அது தசையின் வேலை. தளர்த்திய பிறகும் நின்றால் தோலே மடிந்துவிட்டது என்று பொருள். அடுத்து, கன்னத்தில் இரண்டு விரலை வைத்து மெல்ல மேலே, காதுப் பக்கமாகத் தள்ளுங்கள். சிரிப்புக் கோடு ஆழம் குறைந்தால் அது சரிவினால் வந்தது. கடைசியாக, ஒரு பஞ்சுத் திரியை மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வையுங்கள். மேலுதட்டுக் கோடுகள் நன்றாகக் குறைந்தால் நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் பல் மருத்துவமனை.

இந்தக் கடைசிச் சோதனையை யாரும் செய்வதில்லை என்பது எங்கள் வருத்தம். பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு வருடக்கணக்கில் கரைந்துகொண்டே போகும். பல் செட் கட்டியிருந்தாலும், பத்து, பதினைந்து வருடம் பழைய செட் தேய்ந்து மூக்குக்கும் மோவாய்க்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கும். பொக்கைவாய் போலச் சுருங்கிய அந்த வாயில் எத்தனை ஃபில்லர் போட்டாலும், உதட்டுக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லாததால் உதடு வீங்கித் தெரியுமே ஒழிய கோடு போகாது. சரியான உயரத்தில் புதிய செட் கட்டினாலே பாதிச் சுருக்கம் மறைவதுண்டு. வெற்றிலை, புகையிலை பழக்கத்தால் ஈறு தளர்ந்து பல்லை இழந்தவர்களுக்கு இது முக்கியம். அவர்களுக்கு வாய்க்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், அழகு சிகிச்சைக்கு முன் அதைத்தான் காட்டவேண்டும்.

போட்டாக்ஸ் என்று பொதுவாக அழைக்கப்படும் பாட்டுலினம் டாக்ஸின் தசையைச் சில காலம் தளரவைக்கும் மருந்து. அது முகச் சுருக்கத்துக்குப் புகழ்பெற்றது கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த மருத்துவர்கள் ஜீன் கருதர்ஸ், அலஸ்டர் கருதர்ஸ் தம்பதி 1992-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு. 2002-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை அழகு சிகிச்சைக்கு அனுமதித்தது புருவங்களுக்கு நடுவில் விழும் கோட்டுக்காக. மேலுதட்டில் போடுவது மருத்துவரின் அனுபவத்தை நம்பிச் செய்வது. நெற்றியில் போடும் கணக்கு இங்கே செல்லாது. மேலுதடு முழுவதற்கும் சேர்த்தே 4 முதல் 6 யூனிட் போதும். அதையும் நான்கு புள்ளிகளாகப் பிரித்து, உதட்டு விளிம்பை ஒட்டி, தோலுக்குச் சற்றே கீழாகப் போட வேண்டும். நட்ட நடுவில் போட்டால் மேலுதட்டின் வளைவு தட்டையாகும். வாயோரத்துக்கு மிக அருகில் போட்டால் எச்சில் வழியும். 3 முதல் 5 நாளில் வேலை தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுமையாகும். வாய் ஓயாமல் அசையும் இடம் என்பதால் இரண்டு, மூன்று மாதம்தான் நிற்கும்.

அளவு எங்கே தவறுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். 100 யூனிட் போட்டாக்ஸ் குப்பியில் 2.5 மில்லி சலைன் கலந்தால், 0.1 மில்லியில் 4 யூனிட் இருக்கும். சிவப்பு மூடி கொண்ட யூ-40 இன்சுலின் சிரிஞ்சில் ஒரு கோடு சரியாக ஒரு யூனிட். ஆரஞ்சு மூடி யூ-100 சிரிஞ்சில் அதே ஒரு கோடு 0.4 யூனிட்தான். குப்பியில் ஒரே ஒரு மில்லி கலந்துவிட்டு யூ-40 சிரிஞ்சில் எடுத்தால் ஒரு கோட்டில் இரண்டரை யூனிட் போய்விடும். நான்கு யூனிட் என்று நினைத்துப் போட்டது பத்தாகிவிடும். டிஸ்போர்ட் யூனிட்டும் போட்டாக்ஸ் யூனிட்டும் சமம் அல்ல என்பதால் பிராண்டு மாறும்போதும் இதே குழப்பம் வருகிறது. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பையில் போட்டு வீடு வீடாகக் கொண்டுவரும் மருந்தைத் தொடாதீர்கள்.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும்? 'உப்புமா' என்ற ஒரு சொல்லைச் சொல்ல உதடு இரண்டு முறை குவிந்து இரண்டு முறை மூடுகிறது. அந்தத் தசை அயர்ந்துவிட்டால் 'ப'வும் 'ம'வும் காற்றாகப் போகும். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரத்தில் பீறிடும். டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் வழியும். மாற்று மருந்து கிடையாது, வாரக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர்களும் மேடையில் பாடுபவர்களும் மேலுதட்டில் இந்த ஊசியைத் தவிர்ப்பதே நல்லது என்று நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் யாரும் போடக்கூடாது. சிரிப்புக் கோட்டுக்கு இந்த ஊசியைப் போடுவது பெரும்பாலும் வீண், சிரிப்புதான் கோணும்.

ஃபில்லர் வேறு பொருள். தண்ணீரை இழுத்து நிறுத்தும் ஹையலுரானிக் அமிலத்தின் ஜெல் அது. வழக்கமாக ஒரு மில்லி சிரிஞ்சில் வரும், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும். மேலுதட்டின் மெல்லிய கோடுகளுக்கு இளகிய ஜெல்லே போதும், பலருக்கு அரை மில்லி தாண்ட வேண்டியதில்லை. கெட்டியான ஜெல்லை மேலாகப் போட்டால் தோலுக்கடியில் நீலம் பாய்ந்த வரியாகத் தெரியும். அதிகமாகப் போட்டால் குளவி கொட்டிய உதடு போலாகும். இவையெல்லாம் திருத்தக்கூடியவை. பயப்பட வேண்டியது ரத்தக்குழாய் அடைப்புக்கு.

மேலுதட்டுக்குள் ஒரு தமனி குறுக்காக ஓடுகிறது. சிரிப்புக் கோட்டை ஒட்டி முகத் தமனி மேலே ஏறி மூக்கோரம் போகிறது. அதன் கிளைகள் கண்ணுக்கு ரத்தம் தரும் குழாய்களோடும் இணைகின்றன. ஊசி முனை குழாய்க்குள் நுழைந்து ஜெல் அழுத்தத்துடன் பாய்ந்தால், மூக்கின் மடலோ உதட்டின் ஒரு பகுதியோ ரத்தமின்றி அழுகலாம். மிக அரிதாகப் பார்வையே போயிருக்கிறது. அறிகுறி கண்ணெதிரிலேயே தெரியும். ஊசி போட்ட நொடியில் தோல் வெளுக்கும், பிறகு வலைபோல் நீலத் திட்டு படரும். வலி கூடிக்கொண்டே போகலாம். ஆனால் பல ஜெல்களில் மரப்பு மருந்து கலந்திருப்பதால் வலி இல்லை என்பது பாதுகாப்பு ஆகாது. விரலால் அழுத்தி விட்டு எண்ணுங்கள். அழுத்திய இடம் மூன்று விநாடிக்குள் சிவக்காவிட்டால் ஆபத்து.

அப்போது செய்ய வேண்டியது, உடனே ஊசியை நிறுத்தி, ஹையலுரானிடேஸ் என்ற கரைப்பான் மருந்தை அந்த இடம் முழுக்க நூற்றுக்கணக்கான யூனிட் அளவில் போட்டு, நிறம் திரும்பும்வரை மணிக்கு ஒரு முறை மீண்டும் போடுவது. வீட்டுக்குப் போய் ஐஸ் வையுங்கள் என்று அனுப்புவது பெரிய தவறு, குளிர் குழாயை இன்னும் சுருக்கும். கண் மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆகவே ஃபில்லர் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஹையலுரானிடேஸ் இந்த அறையில் இருக்கிறதா? காட்டச் சொல்லுங்கள். 'தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்' என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கரைப்பான் ஹையலுரானிக் அமில ஜெல்லை மட்டுமே கரைக்கும். சிலிக்கான் போன்ற நிரந்தரப் பொருள்களுக்கு அது உதவாது, அவற்றை உதட்டில் போட ஒப்புக்கொள்ளவே கூடாது. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஃபில்லரைச் செலுத்தும் பேனாக்கள் இணையத்தில் விற்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரிலேயே எச்சரித்தது.

லேசரிலும் பீலிலும் நம் தோலுக்கென்று தனிக் கணக்கு உண்டு. தோலை நிறத்தை வைத்து ஒன்று முதல் ஆறு வரை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாட்டில் தமிழர் தோல் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வரை. வெள்ளைத் தோலில் மேலுதட்டுக் கோட்டை வழித்தெடுக்கும் முழு கார்பன் டை ஆக்சைடு லேசரும் ஃபீனால் பீலும் இங்கே கோட்டுக்குப் பதில் கரும்பட்டையையோ வெளுத்த தழும்பையோ விட்டுவிட்டுப் போகலாம். ஃபீனால் இதயத் துடிப்பையும் பாதிக்கக் கூடியது. நமக்கு ஏற்றது, தோல் முழுவதையும் தொடாமல் புள்ளி புள்ளியாக மட்டும் சுடும் ஃப்ராக்‌ஷனல் லேசர், அதையும் அடர்த்தி குறைத்து, நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் சில அமர்வுகளாகச் செய்ய வேண்டும். முதலில் காதுக்கு முன்னால் சிறு இடத்தில் சோதித்து நான்கு வாரம் பார்ப்பது நல்லது. ஏனென்றால் கருமை உடனே வராது, இரண்டு மூன்று வாரம் கழித்தே தலைகாட்டும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு லேசர் செய்துகொள்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். லேசருக்கு இரண்டு மூன்று மாதமும் ஊசிக்கு ஒரு மாதமும் முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

அடிக்கடி உதட்டில் அக்கிக் கொப்புளம் வருபவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். லேசர் பட்ட தோலில் அந்த வைரஸ் முகம் முழுக்கப் பரவித் தழும்பாகலாம். முதல் நாளே வைரஸ் தடுப்பு மாத்திரை தொடங்கி, தோல் மூடும்வரை கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

'வாம்பயர் ஃபேஷியல்' என்று விற்கப்படும், நுண்ணூசியோடு சேர்த்த பி.ஆர்.பி. (அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பிளாஸ்மா) பற்றிச் சுருக்கமாக ஒன்று: அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமற்ற ஒரு அழகு நிலையத்தில் இதைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024-ல் பதிவு செய்தது. நுண்ணூசி முனையை உங்கள் எதிரிலேயே உறை பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குப் போட்டு மீந்த ஃபில்லரை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்தவருக்குப் போடும் வழக்கமும் இதே ஆபத்துதான்.

பணம் குறைவாகச் செலவாகி நிச்சயம் பலன் தருவது இரண்டு. ஒன்று சன்ஸ்கிரீன்: எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும், வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை கருமைக்கும் காவல். இரண்டாவது ட்ரெட்டினாயின் 0.025 சதவீதக் கிரீம், மருத்துவர் சீட்டுடன். முகம் கழுவி இருபது நிமிடம் உலரவிட்டு, முகம் முழுவதற்கும் ஒரு பச்சைப் பட்டாணி அளவு, முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில். வாயோரங்களில் முதலில் வாஸ்லின் தடவுங்கள், இல்லாவிட்டால் அங்கேதான் முதலில் வெடிக்கும். இதைப் போடும் நாட்களில் மேலுதட்டு முடிக்கு வேக்ஸ் போடக்கூடாது, தோலும் சேர்ந்து உரிந்து வரும். மெல்லிய கோடுகள் மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கும், ஆழமானவை போகாது. கர்ப்பத்தில் கூடாது.

ட்ரெட்டினாயினோடு ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் கலந்த 'வெள்ளைக் கிரீம்'களை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, வாயைச் சுற்றிச் சிறு சிவப்புப் பருக்கள் படரும். உதட்டை ஒட்டி மட்டும் மெல்லிய வளையம் தெளிவாக விடுபட்டிருக்கும். அதைப் பார்த்ததும் எங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். சுருக்கத்துக்குப் பூசியது சுருக்கத்தையே சீக்கிரம் கொண்டுவந்துவிடுகிறது.

ஊசி போடுபவர் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.டி.வி.எல்., இல்லையேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். படித்தவரா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். குப்பியிலும் சிரிஞ்சிலும் உள்ள ஸ்டிக்கரை, பேட்ச் எண்ணோடு உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய விளம்பரத்தை ஏற்கும் முன், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ் பெற்ற பதிவுச் சான்றின் நகலையும், ஊசி போடும் மருத்துவரின் பதிவு எண்ணையும் உங்கள் விளம்பரப் பிரிவு கேட்டு வாங்கட்டும். 'முன்', 'பின்' படங்கள் வந்தால், இரண்டிலும் வெளிச்சமும் உதட்டின் நிலையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் படத்தில் உதட்டைக் குவித்தும் அடுத்ததில் தளர்த்தியும் எடுத்திருந்தால் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி