ஆய்வுகூடப் புரதம் டெங்கு மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

டெங்குவைத் தடுக்கும் "மனித வாங்கிப் புரதம்" வெளிநாட்டில் கிடைக்கிறதாம், தருவித்துத் தர முடியுமா என்று கைப்பேசிப் படத்தோடு எங்கள் ஆய்வுகூடத்துக்குச் சிலர் வருகிறார்கள். மாரி தொடங்கியதிலிருந்து இது நடக்கிறது. கடைசியாக வந்தவர் ஒரு தகப்பன். மகள் வைத்தியசாலையில், குருதிச் சிறுதட்டுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவரிடம் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

படத்தில் இருந்தது சீடி209 என்னும் புரதம். வாங்கி என்றால், கலத்தின் மேற்பரப்பில் இருந்துகொண்டு வெளியிலிருந்து வருவதைப் பற்றிக்கொள்ளும் புரதம். தோலிலும் சளிமென்சவ்வுகளிலும் காவல் நிற்கும் டென்ட்ரிற்றிக் கலங்களின் மேற்பரப்பில் அது இருக்கிறது. கிருமிகளின் மேலுள்ள வெல்லச் சங்கிலிகளைப் பற்றிப் பிடிப்பது அதன் வேலை. டெங்கு வைரசின் உறையிலும் அத்தகைய வெல்லங்கள் உண்டு. ஆனால் பிடிபட்ட வைரஸ் அழிந்துபோவதற்குப் பதிலாக, காவற்காரனின் கையைப் பற்றிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தைத் தேடுவதற்குக் காரணமே அதுதான்.

விற்பனைக்கு வருவது மனித உடலிலிருந்து எடுத்ததல்ல. வாங்கியின் வெளிப்பகுதிக்குரிய மரபணுவை வளர்ப்புக் கலங்களில் செலுத்தி, அவை சுரக்கும் புரதத்தைத் தூய்மையாக்கி, உறையவைத்து உலர்த்தி, மைக்கிரோகிராம் கணக்கில் விற்கிறார்கள். ஆய்வாளர் அதைச் சோதனைத் தட்டின் குழிகளில் ஒட்டவைத்து, வைரசையும் பரிசோதிக்கும் மருந்தையும் சேர்த்து, பிடிப்பு குறைகிறதா என்று பார்ப்பார். கரைசலில் கல்சியம் இல்லாவிட்டால் அது பிடிக்கவே பிடிக்காது. உருக்கி மறுபடி உறையவைத்தாலும் கெட்டுவிடக்கூடும். மனிதருக்கு ஏற்றுவதற்கான பாதுகாப்புச் சோதனை எதுவும் அதற்கு நடப்பதில்லை. இவ்வளவு கொடுக்கலாம் என்ற அளவும் இல்லை. அதை ஒரு பிள்ளையின் நாளத்தில் ஏற்றுவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

அந்தத் தகப்பனின் நம்பிக்கை அர்த்தமற்றது என்று நான் சொல்லமாட்டேன். வாங்கிப் புரதம் மருந்தாகியதும் உண்டு. எட்டனெர்செப்ட் அப்படிப்பட்டது, மூட்டுவாதத்துக்காக 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் நோயாளர்களிடம் முறையாகப் பரிசோதித்த பிறகே அது ஊசிமருந்தாக வந்தது. ஆய்வுக் குப்பியிலிருந்து நேரே யாருக்கும் ஏற்றப்படவில்லை.

2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஆண்டு நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. வைரசைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உயிரைக் காப்பது நேரத்துக்கு எடுக்கும் குருதிப் பரிசோதனையும், வைத்தியர் அளந்து கொடுக்கும் திரவமும்தான். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடையும் நேரத்தில்தான் குருதித் திரவம் கசியத் தொடங்கும். அஸ்பிரின், ஐபுபுரோபன் எதையும் கொடுக்கக் கூடாது. கடல் கடந்து வரும் பொதிக்காகக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

உங்கள் சுகாதாரப் பக்கத்தில் ஒரு வைத்திய நிபுணரைக் கொண்டு இதை விரிவாக எழுதுவியுங்கள். மழை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நுளம்பு பெருகும் இந்த வாரங்களிலேயே வரட்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் தமிழில் மட்டும் வாசிப்பவர்களுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.