டொமைன் யாரு பேர்ல இருக்குன்னு மொதல்ல பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

சின்ன கம்பெனிக்கு எதுக்கு சொந்தமா டிசைன் டீம், வெப் டீம், எல்லாத்தையும் வெளிய குடுத்துட்டா செலவு மிச்சம்னு வந்த கட்டுரைய படிச்சேன். பாதி சரிதான். நாங்களும் ஆரம்பத்துல வெளியதான் குடுத்தோம், சைட் பாக்க நல்லாவும் இருந்துச்சு, ஆனா காண்டாக்ட் பேஜ்ல ஒரு போன் நம்பர மாத்த 9 நாள் ஆச்சு, அதுக்கும் தனி பில். சரி வேற எடம் பாக்கலாம்னு கெளம்புனா டொமைனே, அதாவது சைட்டோட முகவரியே, அந்த வெளி கம்பெனி பேர்லதான் ரிஜிஸ்டர் ஆயிருக்கு. டிசைன் ஃபைல் கேட்டா, திருத்த வசதியில்லாத வெறும் படமா ஜேபெக் அனுப்புறாங்க. வீடு நம்மளுது, பத்திரம் அடுத்தவன் பேர்ல.

அதுக்கப்புறம்தான் சொந்த டீம்னு எறங்குனோம், கையில காசு கம்மி. மொத தப்பு அங்கயே பண்ணிட்டோம், ஒரு சீனியர் சம்பளத்துக்கு மூணு ஃப்ரெஷர் வருவாங்களேன்னு கணக்கு போட்டோம். பசங்க கெட்டிக்காரங்க, கொற சொல்ல மாட்டேன், ஆனா எழுதுன கோடு சரியா தப்பான்னு பாத்து சொல்ல ஆள் இல்ல, மூணு பேரும் நேரா ஜனங்க பாக்குற சைட் ஓடுற லைவ் சர்வர்லயே கைய வெச்சாங்க, ஒருத்தர் காலைல சரி பண்ணத இன்னொருத்தர் சாயங்காலம் பழைய ஃபைல ஏத்தி அழிச்சிருவாரு. யாரு எத மாத்துனாங்கன்னு கணக்கு வெச்சு பழைய கோட திரும்ப எடுக்க உதவுற 'கிட்' சாஃப்ட்வேர் 2005லயே வந்தாச்சு, காசும் கெடையாது, அத இப்படி யூஸ் பண்ணுங்கன்னு சொல்லிக்குடுக்க ஒரு ஆள் வேணுமில்ல. அப்ப இன்னும் மூணு பேர எடுக்கலாமான்னு கூட யோசிச்சோம், நல்லவேள எடுக்கல, மூணு பேருக்குள்ள பேசிக்க வேண்டிய ஜோடி மூணுதான், ஆறு பேராச்சுன்னா 15.

இப்ப சர்வர், கோடு ரெண்டும் தெரிஞ்ச ஒரு டெவலப்பர் முழுநேரம், அவருக்கு கீழ ஒரு ஃப்ரெஷர், டிசைனர் வாரத்துல ரெண்டு நாள் மட்டும். சாஃப்ட்வேருக்கு பெருசா செலவில்ல, சைட் கட்ட வேர்ட்பிரஸ், படம் திருத்த கிம்ப், வரைய இங்க்ஸ்கேப் எல்லாம் ஃப்ரீ. சைட்டுக்கு பாதுகாப்பான இணைப்பு குடுக்குற எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்டும் லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்புகிட்ட ஃப்ரீயா வாங்குனதுதான், ஆனா அது 90 நாள்தான் செல்லும், தானா ரினியூ ஆகணும். ஒரு திங்கக்கெழம காலைல சைட்ட தெறந்தா பாதுகாப்பு இல்லன்னு ப்ரவுசர் கத்துது, என்னன்னு பாத்தா ரினியூவல் ஓடாம நின்னு கெடக்கு, அத செட் பண்ண பையன் வேலைய விட்டு போயி நாளாச்சு, எங்க என்ன பண்ணிருக்கான்னு ஒரு வரி எழுதி வெக்கல. ஃப்ரீயா கெடைச்சாலும் பாத்துக்க ஆள் சும்மா கெடைக்காது.

சொந்த டீம்ல எனக்கு ரொம்ப புடிச்சது ஒரு பட்டன் கத. டிசைனர் ஃபிக்மாங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல 'ஓகே'ன்னு போட்டு அழகா வரைஞ்சிருந்தாரு, டெவலப்பர் அதுல 'சமர்ப்பிக்கவும்'னு போட்டாரு, ரெண்டு வரியா ஒடைஞ்சு மொபைல்ல பாதி எழுத்து வெளிய தொங்குது. பக்கத்து பக்கத்து சீட்டுங்கறதால பத்து நிமிஷத்துல 'அனுப்பு'ன்னு மாத்தி, பட்டன் அகலத்தையும் எழுத்துக்கு ஏத்த மாதிரி விட்டு முடிச்சாங்க. வெளிய குடுத்திருந்தா இதுக்கு எத்தன மெயில் போயிருக்கும். (லோகோவ பெருசாக்கு பெருசாக்குன்னு எங்க முதலாளி கேக்குறது மட்டும் எந்த டீம் வந்தாலும் நிக்கல.)

எல்லாத்தையும் உள்ளயே பண்ணணும்னு நான் சொல்லல. லோகோ, செக்யூரிட்டி டெஸ்டிங் மாதிரி எப்பவாச்சும் வர்ற வேலைய இப்பவும் வெளியதான் குடுக்குறோம். ஆனா கட்டுரை எழுதுனவர் அடுத்த தடவ எழுதும்போது டொமைன், ஹோஸ்டிங் (சைட் இருக்குற சர்வர்) பாஸ்வேர்ட், சோர்ஸ் ஃபைல் (திருத்தக்கூடிய மூல ஃபைல்) இந்த மூணும் யாரு கையில இருக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்கன்னு ஒரு வரி சேக்க சொல்லுங்க. எங்க பழைய டொமைன் இன்னும் எங்க கைக்கு வரல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்