காந்தத்தையும் கொண்டு போ, மகள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படங்களைப் பார்த்தேன். 1977ஆம் ஆண்டு எம்.ஜி.பி., பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கூரை திறக்கிற வகை, நல்ல மஞ்சள். விற்கிற ஆள் நன்றாக மினுக்கி வைத்திருக்கிறார். "வாங்கலாமோ அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் கதைத்து முடிகிற விசயமில்லை, அதுதான் எழுதுகிறேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த உன் அம்மா, "ஒரு வீட்டுக்கு ஒரு விசர் காணாதோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறா.

வாங்கு. ஆனால் அந்தக் கார்தானோ என்பதைப் போய்ப் பார்த்த பிறகு முடிவெடு.

1962இல் இருந்து 1980 ஒக்ரோபர் வரைக்கும் ஒக்ஸ்ஃபோர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டனில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதில் பெரும்பகுதி கப்பலேறி வட அமெரிக்காவுக்குத்தான் போனது. ஆகவே ரொறொன்ரோவில் ஒன்று கண்ணில் படுவது அதிசயமில்லை. இது போனால் இன்னொன்று வரும். ஆளிடம் அவசரத்தைக் காட்டாதே.

உன்னுடைய 77இல் முன்னுக்கும் பின்னுக்கும் கறுப்பு ரப்பர் பம்பர் இருக்கிறதல்லவா? அமெரிக்கச் சட்டத்துக்காக 1974 கடைசியில் பூட்டினது. அதே சட்டத்துக்காகக் காரையும் உயர்த்திவிட்டார்கள், வளைவில் சரியத் தொடங்கியது. 77ஆம் ஆண்டு மொடலில் பின்னுக்கும் ஒரு அன்ரி-ரோல் பார் (சரியாமல் பிடிக்கிற கம்பி) போட்டு ஓரளவு திருத்தினார்கள். புகைக் கட்டுப்பாட்டுக்காக காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேற்றரில், எஸ்.யூ. கம்பனியின் இரண்டைக் கழற்றிவிட்டு ஒற்றை செனித்-ஸ்ரொம்பேர்க்கைப் பூட்ட, 95 குதிரைவலு இருந்த எஞ்சின் 60 சொச்சத்துக்கு இறங்கியது. அதற்கு முந்தின குரோம் பம்பர் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கார்களைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். என்னுடையது 1969, நானும் குரோம் கட்சிதான். என்றாலும் விலை குறைவு, முதல் காருக்கு ரப்பர் பம்பர் மோசமில்லை.

எஞ்சின் புகைக்குதே, கியர் கத்துதே என்று கவலைப்படாதே. அதெல்லாம் கழற்றிப் பூட்டுகிற சாமான். நீ பார்க்க வேண்டியது கறள். இந்தக் காருக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, உடம்புதான் பாரம் தாங்குகிறது. கூரையும் இல்லாதபடியால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டுப் பெட்டி (சில் என்பார்கள்) இரண்டும்தான் காரின் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. குளிர்காலத்தில் உங்கள் ஊர் றோட்டில் கொட்டுகிற உப்பு உள்ளே போய் இருந்துகொண்டு, நடுத்தகட்டில் இருந்து தின்னத் தொடங்கும். வெளித்தகட்டில் கொப்புளம் தெரிகிற நேரம் உள்ளே வெறும் தூள்தான். சிலர் அதன்மேல் புதுத்தகடு ஒன்றைப் பொத்தி வெல்டிங் செய்து பெயின்ற் அடித்து விற்பார்கள்.

அதற்குத்தான் காந்தம். மெல்லிய துணியில் சுற்றி, சில் முழுக்க, பின் ரயருக்கு மேலுள்ள வளைவு முழுக்க ஓட்டிப் பார். பிடிக்காத இடத்தில் இருப்பது தகடில்லை, ஓட்டையை மூடின பூச்சு. பிறகு கதவைச் சாத்திவிட்டு, கதவின் பின்விளிம்புக்கும் பின் மட்காட்டுக்கும் இடையில் உள்ள நீக்கலை மேலிருந்து கீழே பார். மேலே ஒடுங்கி, கீழே அகலமாக இருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. ஜாக்கை அதன் இடத்தில் வைத்துக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லு. கதவு இறுகினால் ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வா.

நடுத்தரமாக இருந்தால் பயமில்லை, சில் தகட்டை வெட்டி மாற்றலாம். அதை நீயாகத் தொடாதே, தெரிந்த ஆளிடம் கொடு. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு வைத்து இறுக்கிய பிறகுதான் பழைய தகட்டை வெட்ட வேண்டும் என்று சொல்லு. அப்படிச் செய்யாமல் வெட்டினால் கார் மடிந்துவிடும், அதன்பிறகு ஒரு கதவும் பூட்டாது. முழு உடம்பும் போனாலும் வழி இருக்கிறது: பிரிட்டிஷ் மோட்டர் ஹெரிற்றேஜ் என்ற கம்பனி 1988இல் இருந்து பழைய அச்சுகளிலேயே புது உடம்பு அடித்து விற்கிறது. உன் சம்பளத்துக்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

இனி எஞ்சின். பி-சீரிஸ், 1798 சி.சி., வார்ப்பிரும்பு. இதே குடும்பத்துச் சிறிய எஞ்சின்தான் இந்தியாவில் அம்பாசடரில் ஓடினது. எங்கள் ஊர் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் இதே இனம்தான். யாழ்ப்பாணத்தில் ஏ-40உம் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் எப்படி அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன என்று நீ சின்னதில் கேட்டிருக்கிறாய். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை. சனம் காபரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். ஒரு நல்ல ஸ்பானரும், கறுத்துப் போகச் சம்மதிக்கிற கையும் இருந்தால் திறந்து பார்க்க முடியாத சாமான் அந்தக் கார்களில் ஒன்றுமே இல்லை. இதிலும் அப்படித்தான். இப்போது என் மற்றக் காரில் பானெற்றைத் திறந்தால் தெரிவது ஒரு பிளாஸ்ரிக் மூடி, அவ்வளவுதான்.

முடிந்தால் பிற்காலத்தில் இரட்டை எஸ்.யூ.வுக்கு மாற்று. அதை ரியூன் பண்ணுகிற சுகத்துக்காகவே சொல்கிறேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிஸ்ரன், அதன் அடியில் கூம்பின ஊசி. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க பிஸ்ரன் எழும்பும், ஊசியும் கூடவே எழும்பி, பெற்றோலுக்கு வழி விடும். முதலில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கு. ஒரு துண்டு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு நுனியைக் காதில் வை, மற்ற நுனியை முதலாவது காபரேற்றரின் வாயில் பிடி. "ஸ்ஸ்" என்று கேட்கும். பிறகு இரண்டாவதில் பிடி. இரண்டும் ஒரே சுருதியில் இரைகிற மட்டும் திருகாணியைத் திருப்பு. அடுத்து, பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக, மயிரளவு உயர்த்து. எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். விழுந்து அணையப் பார்த்தால் குறைவு. ஒருகணம் சிலிர்த்துவிட்டுப் பழையபடி நின்றால் சரி. அந்தச் சிலிர்ப்பு வருகிற நேரம் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும். கராஜில் தனியாகச் சிரிக்கிறேன் என்று அம்மா முறைப்பாடு சொல்வது இதைத்தான்.

இந்தக் காரின் மின்சாமான் லூக்காஸ் கம்பனியுடையது, அந்த வயறிங் பற்றி ஆட்கள் பகிடி விடுவார்கள். பிரித்தானியர் ஏன் பியரைச் சூடாகக் குடிக்கிறார்கள்? ஃபிரிஜ்ஜும் லூக்காஸ் என்கிறபடியால். பழைய பகிடி. உண்மையில் ஐம்பது வருசமாகப் பச்சை பிடித்த இணைப்புகளும், சரியாகத் தொடாத எர்த்தும்தான் முக்கால்வாசிப் பிரச்சினை. அரத்தாள் போட்டுத் தேய். வயர் நிறங்களை மட்டும் மனப்பாடம் செய்: மண்ணிறம் பற்றரியில் இருந்து நேரே வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதுவே ஃபியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். இது தெரிந்தால் இருட்டிலும் பிழை பிடிக்கலாம்.

உன் மெற்றிக் ஸ்பானர் பெட்டி உதவாது, அங்குல அளவில் ஒரு செற் வாங்கு. எதனோல் கலந்த பெற்றோல் பழைய ரப்பரை அரிக்கும், ஆகவே எரிபொருள் குழாய் எல்லாவற்றையும் முதல் மாதமே மாற்று.

காசு விசயம். இலாபத்துக்கு விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நீ போடுகிறது திரும்பி வராது. சனிக்கிழமை கையில் கிறீசோடு நிற்கிறதுக்குத்தான் அந்தக் காசு. அது பிடிக்குமென்றால் மட்டும் வாங்கு. றோட்டில் காட்டுவதற்கென்றால், வேறொருவர் திருத்தி முடித்ததை வாங்குவது மலிவு.

பார்க்கப் போகும்போது மருமகனையும் கூட்டிக்கொண்டு போ. ஆனால் விலை நீயே பேசு, அவர் முதல் சொல்லிலேயே ஓமென்று விடுவார். சில் தகட்டின் அடிப்பக்கத்தையும், சீற்றுகளுக்குப் பின்னால் பற்றரி இருக்கிற பெட்டியின் அடித்தகட்டையும் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கத்துப் படம் வேண்டாம், அது எல்லாக் காரிலும் வடிவாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா