மணலில் தண்ணீர் தெளித்த அக்காவுக்கு

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு மறுநாள், மாதா குளம் செல்லும் மணல் பாதையோரம் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்த அக்கா, இந்த நன்றி உங்களுக்குத்தான்.

அம்மா அந்தப் பாதையில் முழங்காலால் நடந்து நேர்த்திக்கடன் செலுத்திக்கொண்டிருந்தார். நானோ ஓரமாக மடிக்கணினியோடு அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். (வீட்டிலிருந்து வேலை என்றால், எங்கே போனாலும் அது பின்னாலேயே வருகிறது!) பாதி வழியில் சுடுமணலில் அம்மா தவித்ததை நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்தீர்கள். கூடையை அப்படியே விட்டுவிட்டு, குடத்துத் தண்ணீரை அவருக்கு முன்னால் தெளித்துக்கொண்டே குளம் வரை போனீர்கள். அம்மா ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொல்ல, ‘புனித மரியே’ என்று நீங்கள் மறுமொழி சொன்னீர்களாம்.

நான் ஓடிவந்தபோது உங்களைக் காணவில்லை. வீட்டில் இரவுச் செபமாலையில் உங்களுக்காகவும் வேண்டுகிறோம். பெயர் தெரியாததால், ‘தண்ணீர் தெளித்த மகள்’ என்றுதான் அம்மா மாதாவிடம் சொல்கிறார்.